கடவுளை நம்பியவரும் 94, நம்பாதவரும் 94!

முதுமையில் பலம் எங்கிருந்து வருகிறது?

தமிழ்நாட்டில் இரண்டு பெரியவர்கள் வாழ்ந்தார்கள். ஒருவர் ராஜாஜி. மற்றவர் பெரியார்.

ராஜாஜி கடவுளை நம்பியவர். ராமாயணத்தையும் மகாபாரதத்தையும் எளிய தமிழில் எழுதியவர். பெரியார் கடவுள் இல்லை என்று ஊர் ஊராகச் சென்று பேசியவர். ராஜாஜி மரக்கறி உணவு உண்டவர். பெரியார் மாமிசம் சாப்பிட்டவர். அரசியலில் பல காலம் எதிரும் புதிருமாக நின்றார்கள். ஆனாலும் கடைசி வரை நண்பர்கள்!

ராஜாஜி 1878-ம் ஆண்டு டிசம்பர் 10-ந் தேதி பிறந்தார். 1972-ம் ஆண்டு டிசம்பர் 25-ந் தேதி மறைந்தார். பெரியார் 1879-ம் ஆண்டு செப்டம்பர் 17-ந் தேதி பிறந்தார். 1973-ம் ஆண்டு டிசம்பர் 24-ந் தேதி மறைந்தார்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். மறைந்தபோது இருவருக்கும் வயது 94!

இது எப்படி? பக்தி ஆயுளைத் தரும் என்றால் பெரியாருக்கு யார் தந்தது? பக்தி இல்லாதவர்தான் திடமாக இருப்பார் என்றால் ராஜாஜிக்குத் திடம் எங்கிருந்து வந்தது?

சும்மா இருக்கவில்லை

இருவருக்கும் பொதுவானது ஒன்று உண்டு. வயதாகிவிட்டது என்று அவர்கள் மூலையில் உட்காரவில்லை.

1959-ம் ஆண்டு சுதந்திராக் கட்சி தொடங்கப்பட்டது. அதைத் தொடங்கியவர்களில் முதன்மையானவர் ராஜாஜி. அப்போது அவருக்கு வயது 80. 1962-ம் ஆண்டு அவர் அமெரிக்கா சென்றார். அணுகுண்டுச் சோதனையை நிறுத்த வேண்டும் என்று ஜனாதிபதி கென்னடியை நேரில் கண்டு பேசினார். அப்போது வயது 83.

பெரியாருக்கு முதுமையில் நோய்கள் பல. சிறுநீர் போவதற்காக உடலில் குழாய் பொருத்தியிருந்தார்கள். அந்த நிலையிலும் வண்டி ஏறிக் கூட்டங்களுக்குப் போனார். 1973-ம் ஆண்டு டிசம்பர் 19-ந் தேதி சென்னை தியாகராய நகரில் பேசினார். அதுதான் கடைசிப் பேச்சு. ஐந்தே நாளில் மறைந்தார்.

ஒருவருக்குக் கடவுள் துணை. மற்றவருக்குக் கொள்கை துணை. ஆனால் நாளைக்கு எழுந்து செய்ய ஒரு வேலை இருவருக்குமே இருந்தது.

இருந்தாலும் இரண்டு பேரை வைத்துக்கொண்டு முடிவு கட்டிவிடக் கூடாது. நன்றாக உழைத்தும் இளமையிலேயே போனவர்கள் உண்டு. உண்மை தெரிய வேண்டுமானால் நிறையப் பேரைப் பார்க்க வேண்டும். சோதித்துப் பார்க்க வேண்டும். அப்படிச் சோதித்தவர்கள் இருக்கிறார்கள்.

பிரார்த்தனைக்கு ஒரு பரீட்சை

அமெரிக்காவில் ஆறு ஆஸ்பத்திரிகளில் இருதய ஆபரேஷன் செய்துகொண்ட 1,802 பேரை மூன்று பிரிவாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவினருக்காக முன்பின் தெரியாத பக்தர்கள் 14 நாள் பிரார்த்தனை செய்தார்கள். இரண்டாவது பிரிவினருக்காக அவர்கள் பிரார்த்தனை செய்யவில்லை. தங்களுக்காகப் பிரார்த்தனை நடக்கிறதா இல்லையா என்பது இந்த இரு பிரிவினருக்கும் தெரியாது. மூன்றாவது பிரிவினருக்காகவும் பிரார்த்தனை நடந்தது. அதை அவர்களிடம் சொல்லியும் விட்டார்கள்.

2006-ம் ஆண்டு முடிவு வெளிவந்தது. ஆபரேஷனுக்குப் பிறகு சிக்கல் ஏற்பட்டவர்கள், முதல் பிரிவில் நூற்றுக்கு 52 பேர். பிரார்த்தனை இல்லாத பிரிவில் 51 பேர். வித்தியாசம் இல்லை. பிரார்த்தனை நடப்பதைத் தெரிந்துகொண்ட பிரிவிலோ 59 பேர்!

இதனால் கடவுள் இல்லை என்று ஆகிவிடுமா? ஆகாது. அந்தப் பரீட்சை கடவுளுக்கு வைத்தது அல்ல. ஆபரேஷனுக்குப் பின் வரும் சிக்கலை மற்றவர்களின் பிரார்த்தனை குறைக்குமா என்ற ஒரே கேள்விக்கு வைத்தது. அந்தக் கேள்விக்கு, குறைக்கவில்லை என்பதே பதில்.

ஆகவே வேண்டுதல் செய்துவிட்டோம் என்று ரத்தக் கொதிப்பு மாத்திரையை நிறுத்துவது ஆபத்து. விபூதி நெற்றியில் இருக்கட்டும். மாத்திரை வயிற்றுக்குள் போகட்டும். ஒன்றுக்கு ஒன்று பகை இல்லை.

பகுத்தறிவு பேசும் மகனுக்கு

நாணயத்துக்கு மறுபக்கமும் உண்டு.

அமெரிக்காவில் 21,000 பேருக்கு மேற்பட்டவர்களைப் பற்றிய கணக்கு ஒன்று 1999-ம் ஆண்டு வெளிவந்தது. வாரத்தில் ஒரு தடவைக்கு மேல் வழிபாட்டுக்குப் போகிறவர்களின் ஆயுள், போகவே போகாதவர்களின் ஆயுளைவிடச் சுமார் 7 ஆண்டு கூடுதல் என்று அதில் தெரிந்தது.

பக்தர்கள் உடனே மகிழ்ந்துவிடக் கூடாது. படுத்த படுக்கையாக இருப்பவர் கோயிலுக்குப் போக முடியாது. திடமாக இருப்பவர்தான் போகிறார். ஏழு ஆண்டில் ஒரு பகுதிக்கு அதுவே காரணம்.

ஆனால் அது மட்டும் அல்ல. கோயிலுக்குப் போகிற பாட்டி என்ன செய்கிறாள்? காலையில் எழுந்து குளிக்கிறாள். தெருவில் நடக்கிறாள். படி ஏறுகிறாள். நாலு பேரிடம் பேசுகிறாள். ஒரு நாள் வராவிட்டால், "நேற்று ஏன் வரவில்லை?" என்று கேட்க ஆள் இருக்கிறது. இவை எல்லாம் உடலுக்கும் மனதுக்கும் மருந்து.

"கல்லைக் கும்பிட எதற்கு இத்தனை தூரம்? வீட்டில் இரு" என்று தாயைத் தடுக்கும் மகன் தன்னைப் பகுத்தறிவாளன் என்று நினைக்கலாம். உண்மையில் அவன் தாயின் நடையையும் தோழிகளையும் பறித்துவிடுகிறான். நாத்திகத் தாத்தாவுக்கு இதே மருந்து படிப்பகத்திலும் தேநீர்க் கடையிலும் கிடைக்கும்.

உண்மையான மூட நம்பிக்கை எது?

பக்தரும் நாத்திகரும் சேர்ந்து நம்பும் மூட நம்பிக்கை ஒன்று உண்டு. அது என்ன?

"வயசானால் அப்படித்தான்!"

பாட்டியால் தரையிலிருந்து எழ முடியவில்லையா? வயசானால் அப்படித்தான். தாத்தா நடக்கும்போது தள்ளாடுகிறாரா? வயசானால் அப்படித்தான். பக்தர் இதை விதி என்கிறார். படித்தவர் இதை இயற்கை என்கிறார். யாரும் சோதித்துப் பார்ப்பதில்லை.

பாஸ்டன் நகரில் சோதித்துப் பார்த்தார்கள். அங்கே முதியோர் இல்லம் ஒன்றில் இருந்த 10 பேரை டாக்டர் மரியா பியாட்டரோன் தேர்ந்தெடுத்தார். வயது 86 முதல் 96 வரை! எட்டு வாரம் காலால் பளு தூக்கும் பயிற்சி கொடுத்தார்கள். பளுவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினார்கள்.

1990-ம் ஆண்டு முடிவு வெளிவந்தது. ஒருவர் நடுவில் நின்றுவிட்டார். மற்ற 9 பேரின் கால் பலம், சராசரியாகப் பழைய பலத்தைப் போல ஏறக்குறைய இரண்டே முக்கால் மடங்கு ஆகிவிட்டது. இரண்டு பேர் கைத்தடியைக் கீழே வைத்துவிட்டு நடந்தார்கள்!

பத்துப் பேர் போதாது அல்லவா? அதே டாக்டர் குழுவினர் 100 பேரை வைத்து மறுபடியும் சோதித்தார்கள். 1994-ல் வெளிவந்த முடிவும் அதுவே. பயிற்சி செய்தவர்களின் பலம் இரண்டு மடங்குக்கு மேல் ஆயிற்று. பயிற்சி இல்லாமல் சத்துப் பானம் மட்டும் குடித்தவர்களுக்குப் பலவீனம் குறையவில்லை. டப்பாவில் வரும் சத்து மாவை மட்டும் நம்பி இருப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

90 வயதிலும் தசை, கொடுத்த வேலைக்குப் பதில் சொல்கிறது. முதுமை வருவதைத் தடுக்க முடியாது. ஆனால் தளர்ச்சியில் ஒரு பங்கு வயதால் வந்தது அல்ல. உட்கார்ந்தே இருந்ததால் வந்தது.

மூளையைத் தந்த கன்னியாஸ்திரீகள்

பக்தியும் ஆராய்ச்சியும் கைகோத்த கதையும் உண்டு.

1986-ம் ஆண்டு டேவிட் ஸ்நோடன் என்ற அமெரிக்க ஆராய்ச்சியாளர் முதுமையில் வரும் ஞாபக மறதி நோயை ஆராயத் தொடங்கினார். 75 வயது தாண்டிய 678 கன்னியாஸ்திரீகள் அதில் சேர்ந்தார்கள். அவர்களில் பலர் ஆசிரியைகளாக வேலை பார்த்தவர்கள். ஆண்டுதோறும் பரீட்சை எழுதச் சம்மதித்தார்கள். இறந்த பிறகு தங்கள் மூளையை எடுத்துச் சோதிக்கவும் சம்மதித்தார்கள்.

அவர்களில் மேரி என்ற சகோதரி 101 வயதில் இறந்தார். அவருடைய மூளையைப் பார்த்த டாக்டர்கள் திகைத்தார்கள். ஞாபக மறதி நோயின் அடையாளங்கள் அதில் ஏராளம்! ஆனால் உயிரோடு இருந்தபோது நடந்த பரீட்சைகளில் அவர் நல்ல மதிப்பெண் வாங்கியிருந்தார். மூளையில் நோய் இருந்தாலும் அறிவு மங்காமல் இருக்கலாம் என்று உலகம் தெரிந்துகொண்டது.

அந்தச் சகோதரிகள் கடவுளை நம்பினார்கள். அந்த நம்பிக்கையே, ஆராய்ச்சிக்கு உடலைக் கொடுக்கும் தைரியத்தைத் தந்தது.

நம் வீட்டில் என்ன செய்வது?

2011-ம் ஆண்டு மக்கள் தொகைக் கணக்குப்படி, தமிழ்நாட்டில் நூற்றுக்குப் பத்துப் பேருக்கு மேல் 60 வயதைக் கடந்தவர்கள். நாடு முழுவதும் சேர்த்துப் பார்த்தால் ஒன்பது பேருக்கும் குறைவு. முதியவர் இல்லாத தெரு நம் ஊரில் இல்லை.

அரசாங்கங்களும் விழித்துக்கொண்டன. 2021-ம் ஆண்டு ஆகஸ்டு 5-ந் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் 'மக்களைத் தேடி மருத்துவம்' தொடங்கப்பட்டது. ரத்தக் கொதிப்பு, சர்க்கரை வியாதி மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுப்பதும், நடக்க முடியாதவர்களுக்கு உடற்பயிற்சி சிகிச்சை கொடுப்பதும் அந்தத் திட்டம். 2024 அக்டோபரில் மத்திய அரசு, 70 வயதை எட்டிய எல்லோருக்கும் வருமானம் பாராமல் ஆண்டுக்கு ஒரு குடும்பத்துக்கு 5 லட்சம் ரூபாய் வரை மருத்துவக் காப்பீடு கொடுக்கும் திட்டத்தைத் தொடங்கியது.

நல்லதுதான். ஆனால் காப்பீடு, விழுந்த பிறகு தூக்கிவிடும் கை. விழாமல் இருக்க வழி செய்ய வேண்டியது வீட்டில்.

இன்றைக்கே ஒரு சோதனை செய்யலாம். கை வைக்காத நாற்காலியைச் சுவர் ஓரமாகப் போடுங்கள். பெரியவரை உட்கார வையுங்கள். இரு கைகளையும் மார்பின் மேல் குறுக்காக வைத்துக்கொள்ளட்டும். அரை நிமிஷத்தில் எத்தனை தடவை முழுதாக எழுந்து நின்று உட்காருகிறார் என்று எண்ணுங்கள். 70 முதல் 74 வயது வரை உள்ள பெண் 10 தடவைக்குக் குறைவாகவோ, ஆண் 12 தடவைக்குக் குறைவாகவோ எழுந்தால், கீழே விழும் அபாயம் அதிகம். இது டாக்டர்கள் பயன்படுத்தும் சோதனைதான். சோதிக்கும்போது ஒருவர் பக்கத்திலேயே நிற்க வேண்டும். இருதய நோய், மூட்டு நோய் உள்ளவர்கள் டாக்டரைக் கேட்டுக்கொண்டு செய்ய வேண்டும்.

எண்ணிக்கை குறைந்தால் கலங்க வேண்டாம். அதே நாற்காலியே மருந்து. டாக்டர் சரி என்றால், தினமும் சில தடவை எழுந்து உட்காரப் பழகட்டும். ஒரு மாதம் கழித்து மறுபடியும் எண்ணுங்கள். கூடியிருக்கிறதா என்று நீங்களே பார்க்கலாம். யார் சொன்னதையும் அப்படியே நம்ப வேண்டியதில்லை. இதற்குப் பெயர்தான் ஆராய்ச்சி.

எதற்காக வாழ வேண்டும் என்ற கேள்விக்கு அவரவர் பதில் சொல்லிக்கொள்ளட்டும். ஒருவருக்குப் பதில் கோயிலில் இருக்கும். இன்னொருவருக்குக் கொள்கையில் இருக்கும். வேறொருவருக்குப் பேரப் பிள்ளையின் சிரிப்பில் இருக்கும். அதில் மற்றவர் கை வைக்கக் கூடாது.

ஆனால் எப்படி எழுந்து நிற்பது என்ற கேள்விக்குப் பதில் நம்பிக்கையில் இல்லை, பழக்கத்தில் இருக்கிறது. அடுத்த தடவை பாட்டி எழுந்திருக்கக் கையை நீட்டினால், "வயசானால் அப்படித்தான்" என்று சொல்லாதீர்கள். "மெதுவாக நீங்களே எழுந்து பாருங்கள், நான் பக்கத்தில் நிற்கிறேன்" என்று சொல்லுங்கள்.