இரண்டு கண் காமிரா

சென்ற மாதம் ஓசூருக்கு என் நாத்தனார் வீட்டுக்குப் போயிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை எல்லோருமாகக் கெலவரப்பள்ளி அணைக்குக் கிளம்பினோம். புளியோதரைத் தூக்குடன் இரண்டு காமிராக்களும் வண்டியில் ஏறின. ஒன்று, என் மாமனாருடைய பழைய பிலிம் காமிரா, 'ஸ்டீரியோ ரியலிஸ்ட்'. அமெரிக்காவில் 1947-ல் வெளிவந்த ரகம். மற்றது, நாத்தனார் பிள்ளையின் டிஜிடல் காமிரா, 2010-ல் வந்த பியூஜி 'டபிள்யூ 3'.

இரண்டுக்கும் நம்மைப்போல் இரண்டு கண்கள்! விரலை மூக்குக்கு எதிரே நீட்டி, ஒவ்வொரு கண்ணாக மூடிப் பாருங்கள். விரல் இடம் மாறித் தாவும். இரு கண்ணும் காண்பது வெவ்வேறு. அவற்றை மூளை ஒன்று சேர்ப்பதால்தான் முன்பின் தெரிகிறது.

"இதற்குச் செல்போன் போதாதா?" என்றேன்.

"பாறைக்குப் போதும், அத்தை. ஒரு படம் எடுத்து, ஆறரை சென்டிமீட்டர் பக்கவாட்டில் நகர்த்தி இன்னொன்று எடுக்கலாம். நுரைக்கு நடக்காது" என்றான்.

உண்மைதான். கர்நாடகத்திலிருந்து தென்பெண்ணையில் வரும் கழிவு, மதகைத் தாண்டியதும் மலையாகப் பொங்கிற்று. கண்ணுக்குப் பஞ்சு, மூக்குக்குத்தான் பொறுக்கவில்லை! இரண்டாவது படம் எடுப்பதற்குள் நுரை வேறு உருவம் கொண்டுவிடுகிறது. இரு கண்ணும் ஒரே கணத்தில் திறந்தாக வேண்டும்.

டிஜிடலில் எடுத்ததும் முதுகுத் திரையிலேயே, கண்ணாடி போடாமல், ஆழத்தோடு பார்த்துவிட்டோம். பிலிமிலோ, கழுவி வரும்வரை கை நடுங்கியதா, வெளிச்சம் போதுமா என்பது தெரியாது. செலவும் கொஞ்சமில்லை. டிஜிடலே கெட்டிக்காரி என்று தீர்மானித்துவிட்டேன்.

இரவு என் மாமியார் பழைய ஸ்லைடுப் பெட்டியைக் கேட்டார். பார்வைக் கருவியில் ஒன்றைச் செருகி விளக்குக்கு நேரே பிடித்தோம். 1966-ம் வருஷத்து மாமனார், மூன்று வயது நாத்தனாரை மடியில் வைத்துக்கொண்டு, தொட்டுவிடலாம்போல் உட்கார்ந்திருந்தார்.

"அவருடைய கடைசி வருஷத்துப் படம் இருக்குமே, அதையும் இப்படிக் காட்டேன்" என்றார் மாமியார்.

பையன் 2011-ல் டிஜிடலில் எடுத்தது. கம்ப்யூட்டரில் திறந்தால் ஒற்றைக்கண் படம்தான் தெரிந்தது, மற்றது 'எம்.பி.ஓ.' என்ற அந்தப் பைலுக்குள்ளேயே ஒளிந்துகொண்டது. காமிராவின் திரையில் பார்க்கலாமென்றால், எழுபது தாண்டிய கண்ணுக்கு அது சின்னது. அந்தக் காமிராவும் இப்போது தயாரிப்பில் இல்லை. திரை பழுதானால் என்ன செய்வது?

மறுநாள் அவன் பைலைப் பிரித்து, இரண்டு படங்களையும் காகிதத்தில் அச்சிட்டு, அட்டையில் பக்கத்தில் பக்கமாக ஒட்டினான். இரண்டு லென்ஸ் பொருத்திய மலிவான அட்டைப் பெட்டியே போதும், பார்க்கலாம். நீங்களும் நல்ல ஜோடிப் படம் வைத்திருந்தால் இப்படி ஒரு பிரதி போட்டுவிடுங்கள். அவசரத்தில் இடது வலது மட்டும் மாறக்கூடாது. அவன் மாற்றி ஒட்டிவிட்டான்!

மாமியார் பார்த்தார். "ஏண்டா, உங்க தாத்தாவைச் சுவருக்குப் பின்னாலே தள்ளிட்டியே!"

பிரித்துத் திரும்ப ஒட்டினான். அதற்குப் பிறகு பெட்டி எங்கள் கைக்கு வரச் சாயங்காலமாகிவிட்டது.