மாலைக்குப் பணமுண்டு, படத்திற்கு?

ஊரிலிருந்து கொண்டுவந்த என் பாட்டியின் ஒரே படத்தைப் பளபளக்கும் பி.வி.சி. உறையில் வைத்திருந்தேன். இரண்டு மழைக்காலம் கழிந்து எடுத்தேன். முகம் உறையோடு வந்துவிட்டது! வேதியியல் பயிலும் நானே ஏமாந்தேன்.

பி.வி.சி. நாளடைவில் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை வெளியிடும். அதை இளக்கச் சேர்த்த பொருளும் கசிந்து படத்தில் ஒட்டும். பாலியெஸ்டர் உறை அத்தகையதன்று. ஈரம் மிகுந்த அறையிலோ அமிலமற்ற காகித உறையே ஏற்றது. எதுவாயினும் ஐ.எஸ்.ஓ. 18916 சோதனையில் தேறியதா என்று கேட்டு வாங்குங்கள்.

நம் மன்றத்தின் பழைய குழுப்படங்களும் பி.வி.சி. ஆல்பத்தில்தான் உறங்குகின்றன. பலவற்றுக்கு நெகட்டிவும் இல்லை. ஆண்டுவிழா மாலைகள் மறுநாளே வாடும். ஓராண்டு அப்பணத்தை உறைகளுக்குத் தரலாகாதா? நமக்குமுன் இங்குப் பயின்றோர் முகங்களை இழந்தபின் வருந்திப் பயனென்ன?