புகையும் நெருப்பும்

கனடாவிலே ரொறன்ரோ நகரில் வசிக்கும் என் தங்கையின் மகள் சென்ற வாரம் தொலைபேசியில் அழைத்தாள். சட்டம் பயில வேண்டுமென்பது அவளது சிறுபராய ஆசை. அதற்கான நுழைவுப் பரீட்சையின் பழைய வினாத்தாள்களை இப்பொழுது செய்து பார்க்கிறாள். பாதிக்கு மேல் பிழைத்துவிடுகின்றதாம். "பெரியம்மா, தருக்கம் என் மூளைக்கு ஏறாதோ?" என்று கேட்டாள்.

எல்.எஸ்.ஏ.ரி. என்னும் அப்பரீட்சை 1948ஆம் ஆண்டில் ஆரம்பமாயிற்று. அதிலே சட்ட அறிவைச் சோதிக்கும் வினா ஒன்றேனும் இல்லை! 35 நிமிடங்களில் ஏறக்குறைய 25 சிறு வாதங்களை ஆராய வேண்டும். வாதத்தின் முடிவு யாது, சொல்லாது விட்ட எடுகோள் யாது, வழு எங்கே என்பனவே வினாக்கள். 2024 ஓகஸ்ட் மாதத்தில் புதிர்ப் பகுதி நீக்கப்பட்டபின், புள்ளி பெறும் மூன்று பகுதிகளில் இரண்டு இத்தகையனவே.

இவ்வித்தை நமக்குப் புதிதன்று. புகையுள்ள இடத்தில் நெருப்புண்டு என்பது பழைய தருக்க நூலார் காட்டும் உதாரணம். அதிலிருந்து, நெருப்பில்லாத இடத்திற் புகையில்லை என்று கொள்ளலாம். ஆனால், நெருப்புள்ள இடமெல்லாம் புகையுண்டு என்று திருப்பிச் சொல்லலாகாது. பழுக்கக் காய்ச்சிய இரும்பிலே நெருப்புண்டு, புகையில்லை. இவ்வாறு திருப்பிப் போடும் பிழையிலேதான் பரீட்சார்த்திகள் பலர் வழுக்கி விழுகின்றனர்.

அவர்களை நான் நகைக்கமாட்டேன். பல்லாண்டுகளுக்கு முன் என் மோதிரம் காணாமற்போயிற்று. எடுத்தவர் வீட்டுக்குள் வந்தவராகவே இருத்தல் வேண்டும். வேலைக்கு வரும் பெண் அன்று வந்தாள். ஆகவே அவளே எடுத்தாள் என்று முடிவு கட்டினேன். வாயால் ஒன்றும் கேட்டேனல்லேன். என் முகமே கேட்டுவிட்டது. மறுநாள் அவள் வரவில்லை. மூன்றாம் நாள் அரிசிமாப் பேணியின் அடியில் மோதிரம் கிடந்தது. மாக் குழைப்பதற்காக நானே கழற்றியிருக்கிறேன்! எடுத்தவர் வந்தவர் என்பதால் வந்தவர் எடுத்தவர் ஆகிவிடுவாரா? அதை ஒருவர் எடுத்தார் என்பதே என் எடுகோளன்றோ? அவள் வீடு தேடிச் சென்று மன்னிப்புக் கேட்டேன். மன்னித்தாள், ஆயினும் திரும்பி வரவில்லை.

இக்கதையைப் பெறாமகளுக்குச் சொன்னேன். பின்னர், நானறிந்த வழிகளையும் கூறினேன். முதற் சில வாரங்கள் கடிகாரத்தைப் பாராதே. விடைகளைக் கையால் மறைத்துக்கொண்டு, வாதத்தின் முடிவை உன் சொந்தச் சொற்களிற் கூறிப்பார். அதற்குக் காட்டிய காரணம் போதுமா என்று கேள். பிழைத்த வினாக்களுக்கென ஒரு கொப்பி வைத்து, பிழையான விடை உன்னை ஏன் கவர்ந்தது என்று எழுது. வேகம் பின்னர் வரும். பிழையான விடைக்குப் புள்ளி குறைக்கப்படாதாகையால், பரீட்சையன்று எவ்வினாவையும் வெறுமையாக விடாதே.

"அந்தப் பெண்ணின் பக்கம் பேச அன்று ஒருவரும் இருக்கவில்லையா, பெரியம்மா?" என்று கேட்டாள் அவள்.

இல்லை என்றேன். அவள் சட்டம் படிக்கத்தான் வேண்டும்.