கிங்ஸ் சர்க்கிள் புத்தகமும் 30 மில்லிசீவர்ட்டும்

அக்கா பையன் எங்கள் செம்பூர் வீட்டில் தங்கி, கதிர்வீச்சுப் பாதுகாப்பு அதிகாரி பரீட்சைக்குப் படிக்கிறான். போன ஞாயிற்றுக்கிழமை மாட்டுங்கா கிங்ஸ் சர்க்கிள் நடைபாதைக் கடையில் தலையணை சைஸ் அமெரிக்கப் புத்தகம் ஒன்றை பேரம் பேசி வாங்கி வந்தான். "பாதி விலை மாமா!" வாயெல்லாம் பல்.

நமக்கு பி.காம். அறிவுதான். சும்மா இருக்க முடிகிறதா? புரட்டினேன். கதிர்வீச்சில் வேலை பார்ப்பவருக்கு வருஷத்துக்கு 5 ரெம், அதாவது 50 மில்லிசீவர்ட் வரை போகலாமாம். நம்ம அணுசக்தி ஒழுங்குமுறை வாரியமோ எந்த வருஷத்திலும் 30-ஐத் தாண்டாதே, ஐந்து வருஷத்துக்குச் சேர்த்து 100-தான் என்கிறது. புத்தகத்தில் தப்பில்லை, அது அந்த ஊர்ச் சட்டம். இங்கே எழுதினால் முட்டை.

மார்க் போனால் போகட்டும் சார். நாளைக்கு ஆஸ்பத்திரியில் யாரோ ஒரு டெக்னீசியனின் பேட்ஜ் ரிப்போர்ட்டில் 40 வந்தால், "லிமிட்டுக்குள்ளதானே" என்று கையெழுத்துப் போட்டுவிடுவானே? வங்கியில் பழைய சர்க்குலரைப் பார்த்து லோன் பாஸ் செய்தவர்கள் பட்ட பாடு எனக்குத் தெரியும். அங்கே போனது பணம்.

அரை ஆயுள், ஈயத் தடுப்பு எல்லாம் எந்த ஊரிலும் ஒன்றுதான். அதற்கு அந்தத் தலையணையே போதும். எண்ணும் விதியும் மட்டும் வாரியத்தின் பாதுகாப்பு நெறித் தொகுப்புகளிலிருந்து படிக்கட்டும். அவர்கள் தளத்திலேயே இலவசம். எந்த வருஷத்துப் பதிப்பு என்று பார்ப்பது முக்கியம். எக்ஸ்ரேக்கான தொகுப்பையே 2016-ல் மாற்றினார்கள். சீனியர்கள் தரும் ஜெராக்ஸ் நோட்ஸில் வருஷமே இருக்காது.

சொன்னேன். முறைத்தான். ராத்திரி பார்த்தால் புத்தகத்தில் 50-ஐ அடித்து, பக்கத்தில் சிவப்பு மையில் 30 என்று எழுதியிருக்கிறான்.