'ஏதாவது ஒரு பட்டம்'

டேட்டா அனலிஸ்ட் வேலைக்கு ஆள் கேட்கும் விளம்பரங்களைப் பாருங்கள். எக்செல் தெரிய வேண்டும், எஸ்க்யூஎல் தெரிய வேண்டும், கூடவே 'ஏதாவது ஒரு பட்டம்' வேண்டும். விலங்கியலானாலும் சரி, வரலாறானாலும் சரியாம். எந்தப் பட்டமும் போதும் என்றால், அந்த வேலைக்குப் பட்டமே தேவையில்லை என்றுதானே பொருள்?

1912-இல் சென்னை போர்ட் டிரஸ்ட் மாதம் 30 ரூபாய்க்கு ஒரு குமாஸ்தாவைச் சேர்த்தது. எஃப்.ஏ. தேறாதவர், பெயர் ராமானுஜன். மறு ஆண்டே சென்னைப் பல்கலைக்கழகம், பட்டம் இல்லாத அவருக்கு மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகை கொடுத்தது.

'மேதைகளின் கதை வேறு' என்பீர்கள். சரி, ஜோஹோவைப் பாருங்கள். பள்ளிப் படிப்போடு வரும் பிள்ளைகளுக்குக் கட்டணம் வாங்காமல், உதவித்தொகையும் கொடுத்துப் பயிற்சி தந்து வேலையில் அமர்த்துகிறார்கள். அவர்கள் எல்லாரும் மேதைகளா?

மருத்துவருக்குப் பட்டம் வேண்டும், மறுக்கவில்லை. இந்த வேலைக்கு வேண்டியது ஒரு பரீட்சை. ஆயிரம் வரி அட்டவணை ஒன்றைக் கொடுங்கள். எது இரட்டைப் பதிவு, எந்த மாதம் விற்பனை சரிந்தது, ஏன் சரிந்தது என்று அரை நாளில் எழுதித் தரச் சொல்லுங்கள். பிரெஞ்சில் படித்த நாங்கள் இதைக் 'கொங்கூர்' என்போம்: எழுதிக் காட்டியவருக்கே இடம்.

அந்த ஒரு வரி விளம்பரத்துக்காக முத்தியால்பேட்டையிலும் லாஸ்பேட்டையிலும் தாய்மார்கள் நகையை அடகு வைக்கிறார்கள். மூன்று வருடம், பிள்ளைக்குப் பிடிக்காத ஒரு படிப்பு. அந்த வட்டியை விளம்பரம் கொடுத்தவரா கட்டுகிறார்?