டிப்ளமோ லாபமா, நஷ்டமா? ஒரு கணக்கு!



"ஆட்டோமொபைல் படிச்சா எவ்வளவுப்பா சம்பளம் கிடைக்கும்?" நம்மில் இந்தக் கேள்வியைச் சந்திக்காதவர் யார்? பஸ் ஸ்டாப்பிலும் கேட்கிறார்கள், கல்யாண வீட்டுப் பந்தியிலும் கேட்கிறார்கள். நாமும் ஏதோ ஒரு தொகையைச் சொல்லிச் சமாளித்து விடுகிறோம். செலவு எவ்வளவு என்று கேட்டாலோ பீஸை மட்டும் சொல்கிறோம். ஆனால் டிப்ளமோவின் பெரிய செலவு பீஸ் அல்ல; நாம் கொடுக்கிற மூன்று வருஷம். அதை விட்டுவிட்டு லாப நஷ்டம் பேசுவது, எவ்வளவு டீசல் போட்டோம் என்றே பார்க்காமல் மைலேஜ் சொல்கிற மாதிரி!

ஒரு கணக்குப் போட்டுத்தான் பார்ப்போமே. தொகைகள் எல்லாம் உதாரணத்துக்குத்தான். அவரவர் வீட்டு நிலவரத்தைப் போட்டுக் கொள்ளுங்கள். பீஸ், பஸ், டிராயிங் சாமான், ரெக்கார்டு நோட்டு, யூனிபாரம் எல்லாம் சேர்த்து வருஷத்துக்கு 28,000 ரூபாய் என்று வைத்தால் மூன்று வருஷத்துக்கு 84,000. இதே மூன்று வருஷம் ஒரு பட்டறையில் ஹெல்பராக நின்று மாதம் 6,000 வாங்கியிருந்தால் 36 மாதத்துக்கு 2,16,000. கூட்டிப் பாருங்கள், சுளையாக 3 லட்சம்! இதுதான் நம்முடைய உண்மையான முதல்.

படித்து முடித்தபின் அந்தப் பட்டறை நண்பனைவிட நாம் மாதம் 5,000 கூடுதலாக வாங்கினால் வருஷத்துக்கு 60,000. ஐந்து வருஷத்தில் போட்ட முதல் திரும்பிவிடும். 2,500 தான் கூடுதல் என்றால் பத்து வருஷம். இரண்டு பேருக்கும் ஒரே சம்பளம் என்றால்... முதல் திரும்பவே திரும்பாது! ஆகவே நாம் கேட்க வேண்டியது "சம்பளம் எவ்வளவு?" என்று இல்லை, "வித்தியாசம் எவ்வளவு?" என்றுதான்.

செலவைக் குறைக்க வழி உண்டா? உண்டு. பிளஸ் டூ முடித்தவர்களும் ஐ.டி.ஐ. முடித்தவர்களும் நேராக இரண்டாம் ஆண்டில் சேரலாம். ஒரு வருஷம் மிச்சம். அரசுப் பள்ளியில் படித்து வந்த மாணவிகளுக்கு 2022-ல் புதுமைப் பெண் திட்டமும், மாணவர்களுக்கு 2024-ல் தமிழ்ப் புதல்வன் திட்டமும் மாதம் 1,000 ரூபாய் என்று தொடங்கின. தகுதி இருந்தும் விண்ணப்பம் போடாமல் இருப்பது கைக்காசை விடுவதற்குச் சமம்.

சரி, வரவுப் பக்கம் வருவோம். ஓசூர், ஒரகடம் என்று கம்பெனிச் சம்பளத்தைக் கேட்டவுடன் மலைத்துப் போகிறோம். 16,000 என்றால் ரூம் வாடகை, மெஸ், தீபாவளி பொங்கலுக்கு ஊர் வந்து போகும் செலவு எல்லாம் போகக் கையில் நிற்பது எவ்வளவு? நம்ம அகரத்தில் அம்மா கைச்சோறு சாப்பிட்டுவிட்டு திண்டுக்கல் சர்வீஸ் சென்டருக்குப் போய் 11,000 வாங்குகிறவன் கணக்கு, கூட்டிக் கழித்துப் பார்த்தால் மோசமில்லை. பெரிய கம்பெனி என்பதாலேயே வேலை நிரந்தரம் என்றும் எண்ண வேண்டாம். இந்தியாவில் கார் உற்பத்தியை நிறுத்துவதாக 2021 செப்டம்பரில் போர்டு கம்பெனி அறிவித்தது. மறைமலை நகர் ஆலையில் 2022-ல் கார் உற்பத்தி நின்றது. அங்கே வேலை பார்த்தவர்கள் எல்லாம் வேலை தெரியாதவர்களா என்ன?

அப்படியானால் டிப்ளமோ வீணா? இல்லவே இல்லை! பட்டறை அனுபவம் மட்டும் திறக்காத சில கதவுகளை அது திறக்கிறது. முதலாவது, அப்ரண்டிஸ் பயிற்சி. 1961-ம் வருஷத்து அப்ரண்டிஸ் சட்டத்தில் 1973-ல் டிப்ளமோக்காரர்களையும் சேர்த்தார்கள். 2019-ல் திருத்திய விதிப்படி மாதம் குறைந்தபட்சம் 8,000 ரூபாய் என்று வைத்தார்கள். இரண்டாவது, பி.இ. இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேரும் வாய்ப்பு. மூன்றாவது, மோட்டார் வாகன ஆய்வாளர் வேலை. 1989-ல் மத்திய அரசு அறிவித்த தகுதி என்ன தெரியுமா? ஆட்டோமொபைல் அல்லது மெக்கானிக்கல் டிப்ளமோ, நல்ல ஒர்க்‌ஷாப்பில் ஒரு வருஷ அனுபவம், கூடவே கனரக வாகன லைசென்ஸ். கனரக லைசென்ஸுக்கு 20 வயது ஆகியிருக்க வேண்டும். அதற்கு முன் கார் லைசென்ஸ் எடுத்து ஒரு வருஷமாவது ஆகியிருக்க வேண்டும். ஆகவே 18 முடிந்த கையோடு கார் லைசென்ஸ் எடுப்பவனுக்குத்தான் அந்தக் கதவு சீக்கிரம் திறக்கும்.

கதவு இருக்கிறது, நடந்து போகக் கால் வேண்டாமா? என்ஜின் சத்தத்தைக் காதால் கேட்டே கோளாறு சொல்லும் மேஸ்திரிகள் நம்ம ஊரில் உண்டு. அவர்களுக்கு என் வணக்கம். ஆனால் 2020 ஏப்ரல் 1 முதல் பி.எஸ்.6 வண்டிகள்தான் புதிதாக விற்பனைக்கு வருகின்றன. சென்சாரும் இ.சி.யு.வும் நிறைந்த வண்டியில் காது மட்டும் போதாது. ஸ்கேனரை மாட்டி, அது சொல்வதைப் புரிந்துகொள்ளப் படிப்பும் வேண்டும். மின்சார வண்டியில் தெரியாமல் கை வைத்தால் உயிருக்கே ஆபத்து. நாலுவழிச் சாலையில் வேடசந்தூர் மில் வேன்களும், ஒட்டன்சத்திரம் காய்கறி லாரிகளும் ஓடுகிற ஊர் இது. வேலைக்குப் பஞ்சமில்லை, வேலை தெரிந்தவனுக்குத்தான் பஞ்சம்!

அந்த மாதம் 5,000 வித்தியாசம் மார்க் ஷீட்டிலிருந்து வராது. ரெக்கார்டு நோட்டைக் காப்பி அடித்து, வைவாவில் தப்பித்து, கியர் பாக்ஸைக் கழற்றிப் பார்க்காமலே பாஸ் ஆகிறவன் 3 லட்சத்துக்கு ஒரு காகிதம் வாங்குகிறான். செமஸ்டர் லீவில் மேஸ்திரியிடம் போய் "அண்ணே, ஒரு மாசம் கூட நிக்கிறேன், சம்பளம் வேண்டாம்" என்று கேட்பவன், அதே 3 லட்சத்துக்குப் படிப்பையும் தொழிலையும் சேர்த்து வாங்குகிறான்.

முதல் நம் பெற்றோருடையது. வருஷங்கள் நம்முடையவை. இந்த லீவிலேயே ஸ்பேனரைக் கையில் எடுப்போம்!