உமிழ்நீர்ச் சோதனையும் உயரக் குறிப்பும்

எக்ஸ்ரே இல்லாமல், உமிழ்நீரைச் சோதித்தே பிள்ளையின் தாடை வளர்ச்சியை அறிய முடியுமா என்று பெற்றோர் சிலர் எங்களிடம் கேட்கின்றனர். நியாயமான கேள்வி. கீழ்த்தாடை உள்வாங்கியுள்ள பிள்ளைக்கு ட்வின் பிளாக் போன்ற கழற்றி மாட்டும் கருவி நல்ல பயன் தருவது, தாடை விரைந்து வளரும் பருவத்தில் அணியும்போதுதான். அவ்விரைவு பெண்பிள்ளைகளுக்கு ஏறத்தாழ 12 வயதிலும் ஆண்பிள்ளைகளுக்கு 14 வயதிலும் உச்சம் பெறுகிறது. எனினும் ஒரே வகுப்பில் பயிலும் இருவருக்கிடையே ஓரிரு ஆண்டுகள் முன்பின்னாக இருப்பது இயல்பு. வளர்ச்சி முடிந்தபின் வந்தால், பற்களை நகர்த்தி ஓரளவு ஈடுசெய்யலாம். குறை கடுமையானால் அறுவை சிகிச்சையே வழி.

உமிழ்நீரில் ஆராயப்படுபவற்றுள் இரண்டு முக்கியமானவை. ஒன்று, வளர்ச்சி ஹார்மோனின் தூண்டுதலால் பெரும்பாலும் கல்லீரலில் உருவாகி எலும்பை வளரச் செய்யும் ஐ.ஜி.எஃப்-1 என்னும் புரதம். மற்றொன்று, எலும்பு உருவாகும்போது மிகும் ஆல்கலைன் பாஸ்படேஸ் என்னும் நொதி. ஊசி வேண்டாம், கதிர்வீச்சு இல்லை. இம்முயற்சியை நாங்கள் மனமார வரவேற்கிறோம்.

ஆயினும் இதை மட்டும் நம்பிச் சிகிச்சையின் காலத்தை முடிவுசெய்வதை நாங்கள் ஏற்கவில்லை. இரத்தத்தில் உள்ளதைவிட மிகக் குறைந்த அளவே ஐ.ஜி.எஃப்-1 உமிழ்நீரில் காணப்படுகிறது. ஈறு வீங்கியிருந்தாலும் பாஸ்படேஸ் உயரும். பல் துலக்கும்போதே இரத்தம் கசியும் பிள்ளையிடம், அந்த உயர்வு எலும்பால் வந்ததா ஈறால் வந்ததா என்று எப்படிப் பிரித்தறிவது? மேலும், ஒரு நாள் எடுத்த அளவு வளர்ச்சி ஏறுமுகத்தில் உள்ளதா இறங்குமுகத்தில் உள்ளதா என்று காட்டாது.

எக்ஸ்ரே குறித்த அச்சமும் அளவுக்கு மிஞ்சியது. சிகிச்சையைத் திட்டமிட எப்படியும் எடுக்கும் தலையின் பக்கவாட்டுப் படத்திலேயே கழுத்தெலும்புகள் தெரியும். அவற்றின் வடிவத்தைக் கொண்டே வளர்ச்சி நிலையை மதிப்பிடுகிறோம். தனிப் படம் தேவையில்லை. டிஜிட்டல் முறையில் இதன் கதிர்வீச்சு, இயற்கையாகவே நாம் ஓரிரு நாளில் பெறும் அளவுதான். (அப்படத்தைப் பார்க்கும் இரு மருத்துவர் சில வேளை வெவ்வேறு நிலை கூறுவதும் உண்டு. உமிழ்நீர் ஆய்வு தொடர வேண்டும் என்று நாங்கள் விரும்புவது அதனாலும்தான்.)

இதற்கிடையில், எந்த ஆய்வகமும் தர இயலாத செய்தி பெற்றோரிடம் இருக்கிறது. தாடை வளர்ச்சியின் உச்சம், உயரம் விரைந்து கூடும் காலத்தை ஒட்டியே அமைகிறது. மூன்று மாதத்திற்கு ஒருமுறை பிள்ளையைச் சுவரோரம் நிறுத்தி உயரத்தை அளந்து தேதியுடன் குறித்து வாருங்கள். பள்ளியில் எடுத்த பழைய அளவுகள் இருந்தால் அவற்றையும் கொண்டு வாருங்கள். பெண்பிள்ளை பூப்பெய்தியிருந்தால் அந்த மாதத்தையும் தெரிவியுங்கள். பொதுவாக, உயர வளர்ச்சி உச்சம் கண்டு ஏறத்தாழ ஓராண்டு கழித்தே பூப்பு நிகழ்கிறது. பல் மருத்துவரிடம் இதை எதற்குச் சொல்வது என்று தாய்மார் பலர் தயங்குகின்றனர். எங்களுக்கோ அது மிகவும் பயன்படும் குறிப்பு. பலர் முன்னிலையில் கூற விருப்பமில்லையெனில், செவிலியரிடம் தனியே தெரிவித்தால் போதும்.